டைட்டிலில் ஓர் எண், கதவுத் தூணில் வேறோர் எண்: 1951 ஷெவர்லேயை வாங்கலாமா?

கேள்வி: டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோவில் வசிக்கிறேன். கோயம்புத்தூரில் என் தாத்தா வைத்திருந்ததைப் போன்ற 1951 ஷெவர்லே ஒன்று பக்கத்து மாநிலத்தில் விலைக்கு வந்திருக்கிறது. டைட்டில் பத்திரத்தில், அதாவது காரின் உரிமைச் சான்றில் உள்ள எண்ணும் கதவுத் தூணின் தகட்டில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருக்கின்றன. "பழைய காரில் இது சகஜம், பேப்பரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் தரகர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தரகர் சொன்னதில் முதல் பாதி உண்மை. வில்லங்கம் இரண்டாம் பாதியில் இருக்கிறது.

அமெரிக்காவில் 17 இலக்க வாகன அடையாள எண் 1981 மாடல்களிலிருந்துதான் கட்டாயமாயிற்று. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண்ணிட்டது. 1950-களின் நடுப்பகுதி வரை பல மாநிலங்கள் தகட்டு எண்ணை விட்டுவிட்டு இன்ஜின் எண்ணையே டைட்டிலில் எழுதிக் கொடுத்தன. ஆகவே முதலில் பானட்டைத் திறந்து, இன்ஜினின் வலப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அருகே பொறித்திருக்கும் எண்ணை, பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். டைட்டிலில் இருப்பது அதுதான் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. இன்ஜினுக்குப் பின்சுவரில் பாடியைச் செய்த ஃபிஷர் பாடி நிறுவனத்தின் தகடு ஒன்றும் இருக்கும்; அது பாடியின் வகையையும் வண்ணத்தையும் இருக்கைத் துணியையும் சொல்வது, உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்ஜின் எண்ணும் பொருந்தாவிட்டால் காரணம் பெரும்பாலும் எளிது. சாதாரண கியர் கொண்ட 1951 ஷெவர்லேயில் இருந்தது 216 கன அங்குல இன்ஜின். அதன் கனெக்டிங் ராடுகளுக்கு பாபிட் என்ற மென்மையான உலோக பேரிங், அவற்றுக்கு ஆயில் போய்ச் சேருவதோ தெளிப்பு முறையில். இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் நெடுந்தூரம் ஓட்ட அது ஏற்றதல்ல என்பதால், அழுத்தத்தில் ஆயில் பாயும் பிற்கால 235 இன்ஜினைப் பலர் மாற்றிப் பொருத்தினார்கள். ஓட்டுவதற்கு நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய இன்ஜின் காயலான் கடைக்குப் போனபோது டைட்டிலில் உள்ள எண்ணும் அதோடு போய்விட்டது.

இந்த இடத்தில்தான் தரகர்கள் விளையாடுகிறார்கள். விற்பவர் கையெழுத்திட்டு, வாங்குபவர் பெயரை வெற்றிடமாக விட்ட டைட்டிலைக் கைமாற்றுவார்கள். இடையில் காரை வைத்திருந்த தரகரின் பெயர் எங்கும் இருக்காது, நாளை வழக்கு வந்தால் அவரும் இருக்க மாட்டார். வெறும் விற்பனை ரசீதைக் கொண்டு வெர்மான்ட் மாநிலத்தில் தபாலிலேயே பதிந்து தருவதாகச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். வெளிமாநிலத்தவருக்கு இருந்த அந்த வழி 2023-இல் பெருமளவு அடைபட்டுவிட்டது. இவற்றைவிட மோசமானது, டைட்டில் எண்ணைப் பொறித்துப் புதுத் தகடு அடித்துத் தருவதாகச் சொல்வது. அது மத்தியச் சட்டப்படி குற்றம்.

தகட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பழுதுபார்ப்பதற்காகத் தகட்டைக் கழற்றி மீண்டும் பொருத்துவதை மத்தியச் சட்டம் விலக்காக ஏற்கிறது. ஆனால் மாநிலச் சட்டமும் அதை ஏற்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான 1959 கார்வெட் ஒன்றை இந்தியானாவில் நேர்மையாக விலைகொடுத்து வாங்கிய ஒருவர், 2017-இல் அதைக் கேன்சஸில் பதிவு செய்யப் போனபோது, தகட்டின் ரிவெட்டுகள் ஒருமுறை கழற்றப்பட்டவை என்று கண்டு காரையே போலீசார் பறிமுதல் செய்தார்கள். அவர்மீது தவறில்லை என்று தெரிந்தும் ஆண்டுக்கணக்கில் திருப்பித் தரவில்லை. பழங்காலக் கார்களுக்கு விலக்களித்துக் கேன்சஸ் சட்டமன்றம் 2022-இல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. எனவே உங்கள் காரின் தகடு எப்போதாவது கழற்றப்பட்டதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: இப்போதைய உரிமையாளர், தன் மாநிலத்தில், தன் பெயரில், கதவுத் தூண் எண்ணுக்கு டைட்டிலைத் திருத்தி வாங்கட்டும், அதுவரை பணம் உங்களிடமே இருக்கட்டும். டெக்சஸில் பாண்டு டைட்டில், அதாவது ஜாமீனின் பேரில் டைட்டில், என்று ஒரு வழி உண்டு: காரின் மதிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்கு ஜாமீன் பத்திரம், மூன்று ஆண்டு காத்திருப்பு. அது கடைசிப் புகலிடம். அதற்கும் கடைசியில் கவுண்டி (மாவட்ட) வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே 17 இலக்கம் இல்லாத எண்ணைக் கண்டதும் எண் தவறு என்று சொல்லிவிடும் ஊழியர்கள் இருக்கிறார்கள். 1981-க்கு முன்பும் மனிதர்கள் கார் ஓட்டினார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சலிக்காமல் மேலதிகாரியைக் கேளுங்கள்.

தாத்தாவைப் பற்றித் தரகரிடம் பேச வேண்டாம். நினைவுக்காக வாங்குபவர் பேரம் பேச மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். தாத்தாவின் கார் பம்பாய் சேவ்ரியில் 1954 வரை இயங்கிய ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் கோக்கப்பட்டதாக இருந்தால், அதன் ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்திருக்கும். இது எப்படியும் அந்தக் கார் ஆகாது. 1951-இல் ஷெவர்லே 10 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் தயாரித்தது. தூண் தகடு, இன்ஜின், டைட்டில் மூன்றின் தெளிவான புகைப்படங்களை இந்த வாரமே கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு காரைத் தேடுங்கள்.