ஓடினால்தான் இதயத்தில் ரத்தக்குழாய் வளருமா?

கேள்வி: எனக்கு 56 வயது. போன வருஷம் ஆஞ்சியோ எடுத்ததில் ஒரு குழாயில் அடைப்பு இருக்கு, ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தில் 40 நிமிஷம் நடக்கிறேன். கூட நடப்பவர், "இந்த நடையெல்லாம் சும்மா அண்ணாச்சி, மூச்சு இரைக்க ஓடினாத்தான் இதயத்துல புதுக்குழாய் முளைக்கும்" என்கிறார். ஓடலாமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இப்போதைக்கு ஓட வேண்டாம் அண்ணாச்சி. உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதிதான் ஆளை வம்பில் மாட்டிவிடும்.

முதலில் சரியான பாதி. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்களுக்கு இடையே, பிறக்கும்போதே நூல் மாதிரி சின்னச் சின்ன இணைப்புக் குழாய்கள் பலருக்கு உண்டு. ஆற்றில் வரத்து தடைபட்டால் பக்கத்து வாய்க்கால் வழியாக வயலுக்குத் தண்ணீர் போகிற மாதிரி, பெரிய குழாய் அடைபடும்போது இவை கைகொடுக்கும். உடற்பயிற்சி செய்யும்போது ரத்தம் வேகமாக ஓடி இந்தக் குழாய்களின் உட்சுவரை உரசும். அந்த உரசல்தான் 'அகலமாகு' என்று சுவருக்குப் போகும் உத்தரவு. ஆக, புதுசாக முளைப்பதை விட ஏற்கெனவே இருப்பது விரிவதுதான் இங்கே முக்கியம். 1772-லேயே ஹெபர்டன் என்ற ஆங்கில மருத்துவர், தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்தே நெஞ்சுவலி ஏறக்குறைய குணமான ஒருவரைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

சரி, வேகம் கூடினால் பலனும் கூடுமா? இதை ஜெர்மனியில் நேரடியாகவே சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். இதயக் குழாயில் அடைப்புள்ள 60 பேர், மூன்று குழு: ஒன்றுக்குக் கடுமையான பயிற்சி, ஒன்றுக்கு மிதமான பயிற்சி, மூன்றாவதுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். நாலு வாரம் கழித்து, அடைபட்ட குழாயைப் பலூனால் சற்று நேரம் முழுசாக மூடி, பக்கவழியாக எவ்வளவு ரத்தம் வருகிறது என்று அளந்தார்கள். கடுமையாகச் செய்தவர்களுக்கு அது சுமார் 39 சதவீதம் கூடியிருந்தது, மிதமாகச் செய்தவர்களுக்கு சுமார் 41. பயிற்சி செய்யாதவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே 'கடுமை' என்றதே, இதயத்துக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை தொடங்கும் அளவில் 70 சதவீதம்தான். அந்த எல்லையை யாரையும் தாண்டவிடவில்லை. ஆனால் வாரத்துக்கு 10 மணி நேரம் செய்தார்கள். அதனால் நான் உங்களைக் கூட்டச் சொல்வது வேகத்தை இல்லை, நேரத்தை. காலையில் 40 நிமிஷம், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இன்னொரு நடை, ஒருநாள் விடாமல்.

எவ்வளவு வேகம்? கூட வருபவரிடம் தொடர்ந்து பேச முடியணும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பாதீர்கள். மெட்டோப்ரோலால் மாதிரி, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு எப்போதுமே குறைவாகத்தான் காட்டும். அதிகபட்சத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220-இல் வயதைக் கழிக்கிற கணக்கெல்லாம் அவர்களுக்குச் சரிவராது. முதல் பத்து நிமிஷம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள், நிறுத்தும்போதும் டக்கென்று நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு நடக்க வேண்டாம்.

பக்கவழி விரிந்தாலும் அடைப்பு அங்கேயேதான் இருக்கும். அதனால் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், புகைப் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். வேகத்தைக் கூட்டணும் என்று ஆசை இருந்தால், முதலில் உங்கள் இதய மருத்துவரிடம் டிரெட்மில் சோதனை செய்து, எந்த அளவுக்குமேல் போகக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறாக மூச்சுத் திணறல் வந்தால் உடனே உட்காருங்கள், நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் வையுங்கள். ஐந்து நிமிஷத்தில் தீராவிட்டால், 'வாய்வாத்தான் இருக்கும்' என்று வீட்டுக்குப் போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.