எது மூச்சு வாங்குகிறது? வீட்டுக் கணினி கேள்வி பதில்

பல ஆண்டுகளாக வீட்டுக் கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். "மெதுவாகிவிட்டது" என்று என் மேசைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை தூக்கிப் போட வேண்டியவை அல்ல. ஏதோ ஒரு பாகம் திணறுகிறது, மற்றவை அதற்காகக் காத்து நிற்கின்றன. அது எந்தப் பாகம் என்று பார்க்காமலேயே பணத்தைச் செலவழித்துவிட்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதனால் கேள்வி கேட்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். கணினி திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யூ. (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) ஆகிய மூன்றில் எது 100 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது என்று குறித்துக்கொண்டு கேளுங்கள்.

ஐயா, 2017இல் வாங்கிய மடிக்கணினி. ஐ3 ப்ராசஸர், 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். திறந்து பயன்பாட்டுக்கு வர ஆறு நிமிடம் ஆகிறது. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. கடையில் புதிதாக வாங்கச் சொல்கிறார்கள்.

புதிது வாங்க அவசரப்படாதீர்கள். உங்கள் ப்ராசஸர் இன்னும் நன்றாக உழைக்கும். திணறுவது ஹார்ட் டிஸ்க்தான்.

அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. ஒரு கோப்பைப் படிக்க, முள் சரியான தடத்துக்கு நகர வேண்டும், தட்டும் சுழன்று வந்து சேர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி விநாடிக்கு மேல் போய்விடும். பெரிய திரைப்படக் கோப்பு ஒன்றை வரிசையாகப் படிக்கும்போது இது தெரியாது. விண்டோஸ் எழும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடிப் பிடிக்கிறது. உங்கள் ஆறு நிமிடங்கள் அங்கேதான் கரைகின்றன. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தும், சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. தேடல் ஏறக்குறைய 0.1 மில்லி விநாடியில் முடிந்துவிடும்.

ரேமையும் பாருங்கள். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்கின் ஒரு பகுதியைத் தற்காலிக ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கும். ஆகவே ரேம் பற்றாக்குறைகூட டிஸ்க் 100 சதவீதம் என்றே வெளியே தெரியலாம். மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு 4 ஜி.பி. சேருங்கள். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்ற ரேம் வகைகள் இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் வாங்குவது நல்லது. சில மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூடுதலாகச் சேர்க்க இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். 2.5 அங்குல சாட்டா (டிஸ்கை இணைக்கும் முறை) வகை, 256 ஜி.பி. போதும்.

ஆனால் வாங்கப் போகுமுன் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்கின் உடல்நிலையைப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள்.

அண்ணா, நான் தினமும் ஒழுங்காக ஷட்டவுன் செய்கிறேன். ஆனாலும் மெதுவாகத்தான் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சரியாகிறது. இது எப்படி?

நல்ல கேள்வி தம்பி, பலர் கவனிக்காத விஷயம் இது. விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும்போது ஷட்டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் அடிப்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுத்து வைக்கப்படுகிறது. நேற்றைய சிக்கலும் கூடவே வந்துவிடும். ரீஸ்டார்ட் மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள், வேகம் கூட்டும் மென்பொருள் எல்லாம் போடலாமா? ஆன்டிவைரஸ் இரண்டு வைத்திருக்கிறேன்.

வேண்டாம். விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து ஒரு கணினி வேகமெடுத்ததை நான் பார்த்ததில்லை, திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆன்டிவைரஸில் ஒன்றை இன்றே நீக்குங்கள். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் போட்டி போட்டுச் சோதிக்கும். பெரும்பாலான வீடுகளுக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும்.

முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு விசிறி இரைகிறது, எல்லாம் தேங்கிவிடுகிறது. மகன் படுக்கையில் வைத்துத்தான் படிக்கிறான்.

இது சூடு அம்மா. ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பல இன்டெல் ப்ராசஸர்களில் அந்த வரம்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மடிக்கணினியின் காற்றுத் துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான். மெத்தை அவற்றை அடைத்துவிடுகிறது. போதாததற்குப் பஞ்சுத் தூசு உள்ளே போய், விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணிபோலப் படிந்துவிடும். நான் திறந்த சில இயந்திரங்களில் அதை ஒரே துண்டாக உரித்து எடுத்திருக்கிறேன்.

மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியையும் பிரித்துவிட்டு, விசிறியின் இதழ் சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதச் சொல்லுங்கள். ஆரம்ப நாட்களில் நான் பிடிக்காமல் ஊதி, ஒரு வாடிக்கையாளரின் விசிறியை அளவு மீறிச் சுழலவிட்டுக் கெடுத்திருக்கிறேன். ஐந்தாறு ஆண்டு பழையதென்றால் ப்ராசஸரின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். மகனுக்கு ஒரு மரப்பலகை கொடுங்கள், அன்றே வித்தியாசம் தெரியும்.

இணையம் மட்டும்தான் மெதுவாக இருக்கிறது. மற்றதெல்லாம் சரி.

அப்படியானால் கணினியின் மேல் பழி போடாதீர்கள். அதே இடத்தில் கைபேசியிலும் வீடியோ தேங்கினால் ரவுட்டரையோ இணைப்பையோ பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் தாண்டிப் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசல் அதில் அதிகம். ரவுட்டர் அருகில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்ற பிறகு கணினி மெதுவாகிவிட்டது. 11 போட முடியவில்லை.

ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. அதனால் வேகம் குறையாது, பாதுகாப்புத்தான் குறையும். மெதுவானதற்குக் காரணம் வேறு, மேலே சொன்ன சி.பி.யூ., மெமரி, டிஸ்க் மூன்றையும் பாருங்கள். விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் தேவை. இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை அது ஏற்பதில்லை. இணையம், கடிதம், கணக்கு எழுதுவது இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற எளிய பதிப்பைப் பாருங்கள். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டர் வேலை செய்கிறதா என்பதை அப்போதே சோதித்துவிடுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு.

ஐயா, முதல் கேள்வி கேட்டவன்தான். நீங்கள் சொன்ன மென்பொருள் மஞ்சள் நிறத்தில் "காஷன்" என்று காட்டுகிறது. "கரண்ட் பெண்டிங் செக்டர்" என்ற வரியிலும் மஞ்சள். மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. இன்று மாலை எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறேன்.

கடைக்குப் போவதை நிறுத்துங்கள். டிஸ்கின் சில பகுதிகளைப் படிக்க முடியவில்லை என்பதுதான் அந்த வரியின் பொருள். இனி அது ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் படங்களுக்கு ஆபத்து. டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்துவது), டிஸ்க் சோதனை, முழு வைரஸ் சோதனை எதையும் ஓட்டாதீர்கள். ஒரு வெளி டிரைவை இணைத்து, முதலில் மகளின் படங்களை மட்டும் நகலெடுங்கள், பிறகு ஆவணங்கள். ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுங்கள். முடிந்ததும் நகல்களை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

நடுவில் டிக் டிக் என்று ஒலி கேட்டால் உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். எஸ்.எஸ்.டி.யை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். படங்கள் பத்திரமாக வந்துவிட்டனவா என்று இரவே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.