ஃப்ளைவே இன்ஃபோ வெறுமையாக வந்தால் எங்கே தேடுவது?

டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் எஸ்க்யூஎல் ஃபைல்களை (மைக்ரேஷன்கள்) வரிசையாக ஓட்டிப் பதிவுவைக்கும் கருவி ஃப்ளைவே. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்கெனவே பல மைக்ரேஷன்கள் ஓடியிருந்தும், சர்வரில் 'ஃப்ளைவே இன்ஃபோ' கொடுத்தால் 'நோ மைக்ரேஷன்ஸ் ஃபவுண்ட்' என்று மட்டும் வருகிறது, எரரும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் தெரியும்வரை மைக்ரேட் (ஓடாத மைக்ரேஷன்களை ஓட்டுவது), பேஸ்லைன் (இருக்கும் டேட்டாபேஸை ஒரு பதிப்பாகக் குறித்து அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது) இரண்டையும் தொடாதீர்கள்.

இன்ஃபோ இரண்டு இடங்களைப் பார்க்கிறது: ஃபோல்டரில் உள்ள எஸ்க்யூஎல் ஃபைல்கள், டேட்டாபேஸில் உள்ள ஹிஸ்டரி டேபிள் (ஓடி முடிந்த மைக்ரேஷன்களின் பதிவு). ஃபைல்கள் மட்டும் கிடைக்காவிட்டால், பழைய வரிசைகள் 'மிஸ்ஸிங்' அல்லது 'ஃப்யூச்சர்' என்று வந்திருக்கும். ஹிஸ்டரி மட்டும் கிடைக்காவிட்டால் எல்லாமே 'பெண்டிங்' என்று வரும். ஒரு வரிகூட இல்லையென்றால் இரண்டுமே கண்ணில் படவில்லை என்று பொருள். இரண்டும் சேர்ந்தாற்போல் தொலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் ஃபைலையே ஃப்ளைவே படிக்கவில்லை.

பெங்களூரு மாரத்தஹள்ளியில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ரிலீஸ் இரவில் இதேதான் நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, "அக்கா, எரர் எதுவும் இல்ல, ஆனா லிஸ்ட் காலியா வருது. பேஸ்லைன் போட்டுடட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம்ப்பா, கைவைக்காதே" என்றேன். போட்டிருந்தால் பப்ளிக் ஸ்கீமாவில் (ஸ்கீமா என்பது டேட்டாபேஸுக்குள் டேபிள்களைப் பிரித்துவைக்கும் பகுதி, பப்ளிக் அதில் இயல்பானது) புதிதாக ஒரு ஹிஸ்டரி டேபிள் உருவாகியிருக்கும். அப்புறம் ஃபோல்டரை மட்டும் சரிசெய்து மைக்ரேட் கொடுத்தால், முதல் பதிப்பு மட்டும் முடிந்ததாக எடுத்துக்கொண்டு 2ஆம் பதிப்பிலிருந்து எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும். நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

ஹைஃபன் போட்டுப் பெரிய எழுத்து எக்ஸ் சேர்த்து மறுபடி ஓட்டினோம். எந்தக் கான்ஃபிக் ஃபைலைப் படிக்கிறது, எந்த ஃபோல்டரில் தேடுகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். எங்கள் ஃபைலின் பெயரே அதில் இல்லை. ஜென்கின்ஸ் (பணிகளைத் தானாக ஓட்டும் கருவி) வேலையை யாரோ வேறு டைரக்டரியிலிருந்து தொடங்கும்படி மாற்றியிருந்தார்கள். டேட்டாபேஸ் முகவரி என்விரான்மென்ட் வேரியபிளில் இருந்ததால் இணைப்பு மட்டும் ஒழுங்காகக் கிடைத்துவிட்டது, அதனால்தான் எரர் வரவில்லை. ஸ்கீமா பெயரும் ஃபோல்டர் பெயரும் கான்ஃபிக்கில் இருந்தன. அது கிடைக்காததால் ஃப்ளைவே தன் நிறுவல் ஃபோல்டரில் உள்ள காலியான 'எஸ்க்யூஎல்' ஃபோல்டரையும் பப்ளிக் ஸ்கீமாவையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. கான்ஃபிக் ஃபைலின் முழுப் பாதையையும் கமாண்டிலேயே கொடுத்தோம், பழைய வரிசைகள் அத்தனையும் வந்தன.

உங்களுக்குக் கான்ஃபிக் சரியாகப் படிக்கப்பட்டிருந்தால், 'ஃப்ளைவே_ஸ்கீமா_ஹிஸ்டரி' டேபிள் எந்த ஸ்கீமாவில் இருக்கிறது என்று இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் (டேட்டாபேஸில் உள்ள டேபிள்களைப் பட்டியலிடும் பகுதி) தேடிப் பாருங்கள். 2017இல் வந்த ஃப்ளைவேயின் 5ஆம் பதிப்புக்கு முன் தொடங்கிய திட்டம் என்றால் அந்த டேபிளின் பெயர் 'ஸ்கீமா_வெர்ஷன்' என்று இருக்கலாம். ஃபைல் பக்கம், பெயரில் பதிப்பு எண்ணுக்குப் பின் இரண்டு அடிக்கோடு வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் அந்த ஃபைலை விட்டுவிடும்.