அக்கா குடும்பத்து டிக்கெட்டும் உங்கள் கார்டில்தானா?

கேள்வி: எனக்கு வயது 38. கைக்கு வரும் சம்பளம் 78,000. வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம், வீட்டுச் செலவு போக மாதம் 14,000 மிஞ்சும். அதில் 6,000 கிரெடிட் கார்டின் மினிமம் டியூவுக்கு (மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) போய்விடுகிறது. போன வருடம் அக்கா குடும்பத்தோடு காஷ்மீர் போனோம். மொத்தம் 2,40,000, எல்லாம் என் கார்டில்தான். அக்கா வீட்டுப் பங்கு 1,05,000. மாமா 25,000 தந்தார், மீதி வரவில்லை. கார்டில் இன்னும் 1,12,000 பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம். இப்போது ஏழு பேரும் வியட்நாம் போகலாம் என்கிறார்கள். ஹனோய், ஹாலாங், டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் சிட்டி என்று ஒன்பது நாள் பேக்கேஜ், தலைக்கு 95,000. நானே எல்லோருக்கும் போட்டுவிட்டால் பிறகு தருவதாக மாமா சொல்கிறார். ஏஜெண்டிடம் 10,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். 3 லட்சம் பர்சனல் லோன் 14 சதவீதத்தில் கிடைக்கிறது, மீதியை 'இப்போது பயணம், பிறகு பணம்' திட்டத்தில் போடலாமாம். குழந்தைகளுக்கென்று 90,000 டெபாசிட் இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. லோன் நல்லதா, இஎம்ஐ நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டாம். எந்த வட்டி குறைவு என்று என்னிடம் கேட்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்ததில் என் கண்ணில் பட்டது ஒரே ஒரு வரிதான்: "எல்லாம் என் கார்டில்தான்."

முதலில் அந்தப் பழைய பாக்கியைப் பார்ப்போம். 1,12,000-க்கு 3.5 சதவீதம் என்றால் மாதம் 3,920. வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 700. ஆக 4,600-க்கு மேல் வட்டியாகவே போகிறது. நீங்கள் கட்டும் 6,000-ல் அசலில் குறைவது 1,400 கூட இல்லை. இதோடு இன்னொன்று, பலரும் கவனிக்காதது: பாக்கியை முழுதாகக் கட்டாமல் தள்ளிக்கொண்டே போகும்வரை வட்டியில்லா நாட்கள் என்பது உங்களுக்குக் கிடையாது. நேற்று அந்தக் கார்டைத் தேய்த்து மளிகை வாங்கியிருந்தால் அதற்கும் நேற்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

இப்போது இதன்மேல் புதுப் பயணத்தை ஏற்றுங்கள். ஏழு பேருக்கு 6,65,000. மூன்று லட்சம் லோனை மூன்று வருடத்தில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 10,250. கார்டுக்கு 6,000. இரண்டும் சேர்ந்து 16,250, உங்களிடம் மிஞ்சுவதோ 14,000. மீதி 3,65,000-க்கான தவணையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. 'பிறகு பணம்' திட்டங்களைப் பற்றி எனக்குப் பொறுமை குறைவு. 'நோ காஸ்ட்' என்று பெயர் வைத்தாலும் பிராசஸிங் கட்டணம் இருக்கும், அதற்கு ஜிஎஸ்டி இருக்கும், மொத்தமாகப் பணம் கட்டுபவருக்குத் தரும் தள்ளுபடி உங்களுக்கு இருக்காது.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அக்காவிடம் போய்ப் பணம் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். தம்பி என்றால் சீர் செய்பவன், அவன் கணக்குக் கேட்கலாமா என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சீரும் கடனும் வேறு வேறு. சீர் செய்யும்போது தொகை உங்களுக்குத் தெரியும், கொடுக்கும் நாள் தெரியும், கொடுத்தபின் மனதில் ஒன்றும் தங்காது. "நீ போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதில் இது எதுவுமே கிடையாது. ஒரு வருடமாக 80,000 நிற்கிறது, மாமா அதைப் பாதி மறந்திருப்பார், நீங்கள் மறக்கவில்லை, ஒவ்வொரு பண்டிகைக்கும் அவர்கள் வீட்டில் புதிதாக ஏதாவது வாங்கியதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொகை உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். இத்தனைக்கும் அந்த 80,000-க்கு நீங்கள் மாதம் 3,300 வட்டி கட்டுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அதில் மாமாக்கள் கெட்டவர்களாக இருப்பது அபூர்வம். கார்டில் போட்டால் தம்பிக்கு ஒன்றும் செலவில்லை, பாயிண்ட் கூடக் கிடைக்கும் என்றே உண்மையாக நினைக்கிறார்கள்.

ஆகவே ஸ்டேட்மெண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவிடம் நேரில் பேசுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். "அக்கா, போன தடவை போட்டதுக்கு இன்னும் வட்டி கட்டிக்கிட்டு இருக்கேன், இந்தத் தடவை அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்க போட்டுக்கலாம்" என்று சொன்னால் போதும். பழைய 80,000-ஐ மாதம் 5,000, 8,000 என்று எப்படித் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களால் கேட்கவே முடியாது என்றால் அதைச் சீர் என்று இன்றே மனதில் முடித்துவிட்டு, இனி ஒரு டிக்கெட்டும் போடாதீர்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். பணம் கட்டுபவர் நீங்கள் என்றால் ஏழு பேர் செலவும் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். கணக்குத் தாக்கல் செய்யும்போது டிசிஎஸ்ஸைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணமும் உங்கள் கையிலிருந்து போனதுதான்.

டெபாசிட்டை உடையுங்கள். ஏழு சதவீதம் வாங்கும் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 42 சதவீதம் வட்டி கட்டுவதால் குழந்தைகளுக்கு ஒரு நன்மையும் இல்லை. 90,000 போனால் பாக்கி 22,000. மாதம் 14,000 போட்டால் இரண்டே மாதத்தில் தீரும். அடுத்த ஏழு மாதம் அதே 14,000-ஐப் போட்டு டெபாசிட்டை நிரப்புங்கள். அப்புறம் வியட்நாமுக்கு ஒரு ஆர்டி, அதாவது மாதாமாதம் போடும் வங்கி டெபாசிட். 'டிராவல் கோல்' என்று பங்குச்சந்தை ஃபண்டில் எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போடச் சொல்லி யாராவது வருவார்கள். ஒன்றரை வருடத்தில் தேவைப்படும் பணத்துக்கு அது சரிவராது.

பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு பேர் மட்டும், நாட்டின் ஒரு பகுதி மட்டும் என்று திட்டமிடுங்கள். வியட்நாம் வடக்கிலிருந்து தெற்கே சுமார் 1,650 கிலோமீட்டர் நீளம், ஹனோயிலிருந்து ஹோ சி மின் சிட்டிக்கு ரயிலில் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பது நாளில் மூன்று பகுதியையும் காட்டுகிறேன் என்றால் உள்நாட்டு விமானத்துக்கும் விமான நிலையத்தில் காத்திருப்பதற்கும்தான் பாதி காசும் பாதி நாளும். பருவமும் மூன்று இடத்திலும் ஒன்றல்ல. உங்கள் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நடுப்பகுதி வெயில்தான், ஆனால் மழையில்லாமல் இருக்கும். மே பிறந்தால் தெற்கே மழைக்காலம் தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ், ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் ஏறும் மாதங்கள் அவை.

ஆகவே நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். டா நாங்கில் இறங்கினால் ஹோய் ஆன் 30 கிலோமீட்டர்தான். நுயென் மன்னர்களின் தலைநகரான ஹுவே 100 கிலோமீட்டர், ரயிலில் போங்கள், ஹாய் வான் கணவாயில் கடலை ஒட்டியே போகும். பக்கத்தில் மி சன், அங்கே பழங்காலத்தில் ஆண்ட சம்பா மன்னர்கள் கட்டிய செங்கல் சிவாலயங்கள். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல இடிந்தன, நம் தொல்லியல் துறைதான் சிலவற்றைச் சீரமைத்தது, 2020-ல் அந்த வேலையின்போது ஒன்பதாம் நூற்றாண்டு சிவலிங்கம் ஒன்று முழுதாகக் கிடைத்தது. இதையெல்லாம் பார்க்க ஆறு இரவு தாராளம். ஹோ சி மின் சிட்டியில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, அது இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

செலவைத் தோராயமாகப் போடுகிறேன், தேதியைப் பொறுத்து மாறும்: விமானம் நான்கு பேருக்கு 1,20,000, தங்க 24,000, சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 35,000, விசாவும் இன்ஷூரன்ஸும் 16,000. இரண்டு லட்சத்துக்குள். இ-விசா ஒருமுறை நுழைய தலைக்கு 25 டாலர், அரசுத் தளத்தில் நீங்களே போடலாம், ஏஜெண்டுக்குத் தனிக் காசு தேவையில்லை. ஏப்ரல் 30-ம் மே 1-ம் அங்கே தேசிய விடுமுறை, அந்த வாரம் விலை ஏறும், தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்டுப் பணம் டாங், ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். அங்கே 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் இரண்டுமே நீலம், முதலாவது நமக்கு 70 ரூபாய் கூட இல்லை, இரண்டாவது 1,700 ரூபாய். இருட்டில் டாக்ஸியில் இருந்து இறங்கும்போது பூஜ்யங்களை எண்ணிவிட்டுக் கொடுங்கள்.

மாதம் 14,000 வீதம் இரண்டு லட்சம் சேர 14, 15 மாதம். எல்லாம் கூட்டினால் இன்றிலிருந்து இரண்டு வருடம். மாமாவின் 80,000 வந்தால் ஆறு மாதம் முன்னால். பிள்ளைகள் முகம் வாடும், தெரியும். நாள் இதுதான் என்று குறித்துச் சொல்லிவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே வேலை. அடுத்த பில் தேதிக்கு முன்னால் டெபாசிட்டை உடைத்துக் கார்டில் கட்டுங்கள். ஏஜெண்டிடம் முன்பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். திரும்பாது என்றால் அந்தப் பத்தாயிரம் போகட்டும், அதைக் காப்பாற்ற இன்னும் ஆறரை லட்சம் போட வேண்டாம்.