வலைப்பூ கேள்வி – பதில்: வெட்டுப்படும் தமிழ் முகவரி

பாம்பனிலிருந்து ஒரு வாசகர்: வேர்ட்பிரஸ்ஸில் மீன்பிடிப்பு பற்றித் தமிழில் எழுதுகிறேன். ‘பாம்பன் கடலில் நாட்டுப்படகு’ என்று தலைப்பு வைத்தால், முகவரி ‘நாட்டுப்ப’ என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன்?

பதிவின் முகவரிப் பகுதிக்கு, அதாவது ஸ்லக்குக்கு, வேர்ட்பிரஸ் ஒதுக்கும் இடம் 200 எழுத்து. தமிழ் அதில் அப்படியே ஏறுவதில்லை. கணினி தனியாகச் சேமிக்கும் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி என்பதால் ‘பாம்பன்’ மட்டுமே 7 குறி, 63 எழுத்து. மொத்தம் 22 குறியோடு இடம் தீர்ந்துவிடும். உங்கள் தலைப்பில் 22ஆவது குறி விழுந்த இடம்தான் ‘நாட்டுப்ப’. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீள்வதும் இதனால்தான்.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஸ்லக்கை மட்டும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துச் சொற்களாகச் சுருக்குங்கள். வெளியான பதிவின் ஸ்லக்கை மாற்றினால் பழைய முகவரியை வேர்ட்பிரஸ்ஸே புதியதற்குத் திருப்பிவிடும். ‘பக்கம்’ வகைக்கு அந்த வசதி கிடையாது, நீங்கள்தான் 301 திருப்பம் (பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் கட்டளை) போட வேண்டும்.

தமிழ் ஸ்லக்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். ‘தனுஷ்கோடி’யில் உள்ள ‘கோ’வுக்கு ஓகாரக் குறி ஒன்றாகவும் வரலாம், ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரிந்து இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, முகவரி மட்டும் வேறு. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய சுட்டி 404 (பக்கம் கிடைக்கவில்லை என்ற பிழை) காட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கீழக்கரை வாசகர்: ஹோஸ்டிங் மாற்றியபின் முகப்பு மட்டும் திறக்கிறது. உள்ளே எல்லாம் 404.

அந்த 404 யாருடையது என்று பாருங்கள். உங்கள் தளத்தின் வடிவமைப்போடு வந்தால் கோரிக்கை வேர்ட்பிரஸ் வரை வந்துவிட்டது. அமைப்புகளில் பெர்மாலிங்க் (நிரந்தர முகவரி) பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் ‘சேமி’யை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். வெள்ளைத் தாளில் வெறும் ‘நாட் ஃபவுண்ட்’ என்றால் சர்வரே தடுத்துவிட்டது. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் இதற்கு வழக்கமான காரணம், முகவரி விதிகள் உள்ள, புள்ளியில் தொடங்கும் ‘ஹெச்டிஆக்சஸ்’ கோப்பு நகலெடுக்கும்போது விடுபட்டதுதான். அது மறைகோப்பு, கோப்பு மேலாளரில் ‘மறைந்தவற்றைக் காட்டு’ என்று வைத்தால்தான் கண்ணில் படும். கோப்பு இருந்தும் வேலை செய்யாவிட்டால் முகவரியை மாற்றியெழுதும் ‘மாட் ரீரைட்’ இயங்குகிறதா, அந்தக் கோப்பின் விதிகளை அனுமதிக்கும் ‘அலவ் ஓவர்ரைடு’ என்பது ‘ஆல்’ என இருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள். சர்வர் மென்பொருள் என்ஜின்எக்ஸ் என்றால் கதையே வேறு: அது அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ‘ட்ரை ஃபைல்ஸ்’ வரியில், கோப்பு கிடைக்காத கோரிக்கைகளை ‘இண்டெக்ஸ்’ பிஎச்பி கோப்புக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

மண்டபம் வாசகர்: ‘கருவாடு’ பிரிவுக்குத் தனி டெம்ப்ளேட் (பக்க வடிவமைப்புக் கோப்பு) எழுதினேன். வீட்டுக் கணினியில் வருகிறது, சர்வரில் வரவில்லை.

கோப்பின் பெயரில் பெரிய எழுத்து இருக்கிறதா? விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது. எல்லாம் சிறிய எழுத்தாக இருக்கட்டும். பிரிவின் எண்ணை வைத்துப் பெயரிட்டிருந்தால் இன்னொன்று: பதிவுகளை இறக்குமதி செய்யும்போது அந்த எண் மாறக்கூடும். ஸ்லக், எண், பொதுப் பிரிவு, ஆர்க்கைவ், இண்டெக்ஸ் என்ற வரிசையில்தான் டெம்ப்ளேட் தேடப்படும். கோப்பை சைல்ட் தீமில் (மூலத் தீமைச் சார்ந்து இயங்கும் தனித் துணைத் தீம்) வையுங்கள். மூலத் தீமில் வைத்தால் அடுத்த அப்டேட்டில் காணாமல் போகும்.