ஓணம் விடுமுறையில் நடனக் குழுத் தேர்வுக்குத் தயாராவது: கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு) அம்மாவுக்கு ஒரு பதில்

உங்கள் மகள் ஆறு வருஷம் பரதம் கற்றவள், தமிழ் மீடியத்தில் படித்தவள், இப்போது கல்லூரியில் முதல் வருஷம். ஓணம் லீவு முடிந்து திறந்ததும் நடனக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்தப் பத்து நாளில் ஒரு மாஸ்டரை வைத்து ஒரு பாட்டை முழுசாகக் கற்றுக்கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் அம்மா. பாட்டை உருப்போட்டுப் போகும் பிள்ளைகள்தான் இந்தத் தேர்வில் அதிகம் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் சீனியர்கள் அங்கேயே, ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணி ஆடும் ஸ்டெப்பில் நாலைந்து சுற்றுச் சொல்லிக்கொடுப்பார்கள். அரை மணி நேரம்கூடத் தரமாட்டார்கள். பிறகு மூன்று நான்கு பேராக நிறுத்தி ஆடச் சொல்வார்கள். புது ஸ்டெப்பை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறாள், நடுவில் தப்பினால் நின்றுவிடுகிறாளா அடுத்த கவுண்டில் சேர்ந்துகொள்கிறாளா, பக்கத்தில் ஆடுபவளோடு கை உயரம் ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். தனியாக ஒரு நிமிஷம் ஆடிக் காட்டச் சொன்னாலும் அது இரண்டாம் பட்சம்தான். கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் குழு நடனத்துக்கு 7 பேர், விளக்கைச் சுற்றிப் பெண்கள் ஆடும் திருவாதிரைக்களிக்குப் பாடுபவர்களையும் சேர்த்து 10 பேர். கல்லூரிக் குழுக்களும் ஏறக்குறைய இந்த அளவுதான். இவ்வளவு சின்னக் குழுவில், தனியாக மின்னுகிறவளைவிடச் சேர்ந்து ஆடத் தெரிந்தவளுக்குத்தான் மதிப்பு.

ஆகவே பத்து நாளும் பிடிக்கும் வேகத்துக்கே போகட்டும். தினமும் அவளுக்குப் பழக்கமில்லாத ஒரு வீடியோவில் முப்பது விநாடிப் பகுதியை எடுக்கச் சொல்லுங்கள். முதலில் அசையாமல் இரண்டு தடவை பார்க்கட்டும். பிறகு பத்து நிமிஷம் கால் மட்டும். வேகம் கூடுதலாக இருந்தால் யூடியூபில் 0.75-க்குக் குறைத்துக்கொள்ளலாம். கால் ஸ்டெப் மனசில் நின்ற பிறகுதான் கை. கையும் காலும் ஒன்றாகப் பிடிக்கப் போனால் இரண்டும் போய்விடும், நிறைய பேர் சிக்குவது இங்கேதான். இருபத்தைந்து நிமிஷம் ஆனதும் வீடியோவை மூடிவிட்டு, பாட்டை மட்டும் போட்டு ஆடிப் பதிவு செய்யட்டும். மறுநாள் காலையில் எதையும் திரும்பப் பார்க்காமல் அதையே ஒரு தடவை ஆடட்டும். இரவு நல்ல தூக்கம் இருந்தால் நேற்றுத் தடுமாறிய இடம் காலையில் தானாக அமைந்திருப்பதைப் பார்ப்பீர்கள். விழித்திருந்து பயிற்சி செய்ய விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஒரே பாட்டில் இரண்டாம் நாள் நிற்க வேண்டாம். இன்று நாட்டுப்புறம், நாளை சினிமா, மறுநாள் வெஸ்டர்ன் என்று மாறிக்கொண்டே போகட்டும்.

கவுண்ட் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை அவள் சின்ன வயசிலிருந்து தட்டுகிறாள், இதுவும் எட்டுதான். ஒரே வித்தியாசம், இங்கே “அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு” என்று சொல்லி முடித்ததும் ஒன்றில் எடுக்க வேண்டும். அந்த நாலு எண்ணுக்குள் உடம்பு தயாராக இல்லாவிட்டால் முதல் ஸ்டெப்பே தாமதமாகும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஆடிப் பழகினால் சரியாகிவிடும்.

பரதம் கற்றவர்களுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. முழங்காலை வெளியே திருப்பிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி உடம்பில் ஊறியிருப்பதால் எந்தப் பாட்டுக்கும் முழங்கால் வெளியே திரும்பும். முதுகு எப்போதும் விறைப்பாக நிற்கும். சினிமா ஸ்டெப்பில் நெஞ்சும் இடுப்பும் தனித்தனியாக அசைய வேண்டும். தினமும் ஐந்து நிமிஷம், கால் இரண்டையும் நேராக வைத்து, நெஞ்சை மட்டும் முன் பின், பிறகு இடுப்பை மட்டும் இடம் வலம் அசைத்துப் பழகட்டும். பத்து நாளில் முழுசாக வராது, ஆனால் விறைப்பு இளகும். அவளுடைய தாள சுத்தமும் கண்ணும் முகமும் குழுவுக்கு வேண்டியவை, அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

மலையாளப் பாட்டு வந்தால் என்ன செய்வாள் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். வரியின் அர்த்தம் தெரியாமல் முகபாவம் வராது என்பது உண்மை. அடிக்கடி போடும் ஐந்தாறு பாட்டை எடுத்து வரிக்கு வரி பொருள் எழுதிக்கொள்ளட்டும். சீனியர்கள் சொல்லும் இடத்தோட்டு, வலத்தோட்டு, முன்னோட்டு, பின்னோட்டு (இடப்பக்கம், வலப்பக்கம், முன்னே, பின்னே) எல்லாம் அவள் காதுக்குப் புதிதல்ல. ஓணத்துக்கு அக்கம்பக்கத்துச் சேச்சிமார் திருவாதிரைக்களி பழகுவார்களே, அங்கே இரண்டு சாயங்காலம் அனுப்புங்கள். நிலவிளக்கைச் சுற்றி வட்டம் குலையாமல் நகர்வது, குனிந்து நிமிர்ந்து ஒரே நேரத்தில் கைதட்டுவது, முன்னால் போகிறவளோடு இடைவெளி காப்பது: குழு நடனத்துக்கு இதைவிட நல்ல பாடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

உடம்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ப்ளஸ் டூ பரீட்சைக்காக மாசக்கணக்கில் ஆடாமல் இருந்திருப்பாள். முதல் மூன்று நாள் ஒரு மணி நேரம் போதும், பிறகு காலையும் மாலையுமாக இரண்டு மணி நேரம் வரை போகலாம். தொடங்குமுன் பத்து நிமிஷம் நடந்து, கை கால் சுழற்றி, உடம்பு சூடாகட்டும். காலை நீட்டி இழுத்துப் பிடிக்கும் பயிற்சியெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகுதான், குளிர்ந்த தசையை இழுத்தால் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடி சிமெண்ட் தரையில் தட்டும் குதியும் வேண்டாம். கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் வரும் வலிக்குக் கெட்டித் தரையும் திடீரென்று கூட்டிய நேரமும்தான் முக்கியக் காரணம். மழை நாளில் பாசி வழுக்கும் என்பதையும் மறக்காதீர்கள். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஓண விருந்தான சத்யா சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஆட்டம். கடைசி இரண்டு நாள் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தளர்ந்த காலோடு போவதில் பயனில்லை.

கண்ணாடி முன்னால் மட்டும் ஆடிப் பழகினால், கண்ணாடி இல்லாத ஹாலில் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகும். ஐந்தாம் நாளிலிருந்து கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆடட்டும். போனின் பின்பக்கக் கேமராவில் பதிவு செய்வது நல்லது, முன்பக்கத்தில் இடம் வலம் மாறித் தெரிந்து குழப்பும்.

தனியாட்டத்துக்குப் பாட்டை ஒரு நிமிஷமாக வெட்டும்போது நீண்ட முன்னிசையை விட்டுவிட்டு, தாளம் விழும் இடத்தில் தொடங்குங்கள். எம்பி3-ஆகப் போனிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளட்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் ஆட்டத்தின் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். லெகின்ஸ், முழங்கால் வரை குர்தா, இறுக்கிக் கட்டிய துப்பட்டா போதும். சொன்னாலொழிய சலங்கை வேண்டாம்.

படிப்பு கெடுமா என்பதற்கு: தினசரிப் பயிற்சியைவிட, போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம்தான் வகுப்பைத் தின்னும். போட்டி நாட்களுக்கும் ஒத்திகைக்கும் வருகைப் பதிவு எப்படித் தருகிறார்கள், கலைப் போட்டிக்காகக் கூடுதலாகத் தரும் கிரேஸ் மார்க் பற்றிய விதி இந்த வருஷம் என்ன சொல்கிறது என்று ட்யூட்டரிடம் நீங்களே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் இருப்பதே வேலை வாங்கித் தராது. நடனத்தையே தொழிலாக எடுக்க நினைத்தால் அதற்குத் தனிப் படிப்பு உண்டு. 1930-ல் தொடங்கிய கேரள கலாமண்டலம் பாலக்காட்டிலிருந்து தூரமில்லாத செறுதுருத்தியில்தான் இருக்கிறது, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியிலும் பரதத்தில் பட்டப்படிப்பு உண்டு.

பட்டியலில் பெயர் வராவிட்டாலும் அன்றே வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் குறைந்தது என்று சீனியரிடம் கேட்கட்டும். மாற்று ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு வரட்டும். கல்லூரிகளுக்கான மண்டல அளவிலான சோனல் கலோத்சவம் நெருங்கும்போது காய்ச்சல், காலில் அடி, பரீட்சை என்று ஒருவராவது விலகுவார்கள், அப்போது முதலில் கூப்பிடுவது அந்தப் பட்டியலில் இருப்பவர்களைத்தான்.