ஆப்பிளுக்குப் பிறகு வந்த கேள்வி

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் அறிவியல் கட்டுரைகளை வகுப்பில் வாசித்துக் காட்டுவதுண்டு. மாணவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள். ஆனால் மறுவாரம் கேட்டால், நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது மட்டுமே நினைவிருக்கிறது; ஈர்ப்பு விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது யாருக்கும் நினைவில்லை. கதை அறிவியலை விழுங்கிவிடுகிறதோ என்று ஐயமாக இருக்கிறது. எளிமைப்படுத்துவது என்பது நீர்த்துப்போகச் செய்வதுதானா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மாணவர்கள் மறந்ததற்குக் காரணம் கதை அல்ல, அந்தக் கதையை நாம் பாதியிலேயே நிறுத்திவிட்டதுதான் என்று நினைக்கிறேன். நியூட்டனின் நண்பர் வில்லியம் ஸ்டூக்லி 1752-இல் எழுதிய நினைவுக்குறிப்பில் ஆப்பிள் வருகிறது. ஆனால் அது யார் தலையிலும் விழவில்லை. தோட்டத்தில் ஆப்பிள் மரநிழலில் இருவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, முன்பொரு நாள் ஆப்பிள் விழக் கண்டு தன் மனத்தில் எழுந்த கேள்வியை நியூட்டன் சொல்கிறார்: அது ஏன் எப்போதும் செங்குத்தாகத் தரையை நோக்கியே விழுகிறது, ஏன் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ போவதில்லை? பின்னால் சொன்னவர்கள் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள், கேள்வியைக் கைவிட்டுவிட்டார்கள். கேள்வி போன பிறகு மிஞ்சுவது துணுக்குதான். துணுக்கைத்தான் மாணவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மருந்துக்குத் தேன் குழைப்பதுபோல அறிவியலுக்குக் கதையைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொருளுக்குள்ளேயே இருக்கும் கேள்விகளை, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் வரிசையில் சொன்னால் அதுவே கதையாகிவிடும். இதை நான் கற்றுக்கொண்டது மைக்கேல் பாரடேயிடம். 1860 டிசம்பரில், தமது 69-ஆம் வயதில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர் சிறுமியர் முன்னால் அவர் ஆறு சொற்பொழிவுகள் ஆற்றத் தொடங்கினார். ஆறுக்கும் பொருள் ஒன்றே: எரியும் ஒரு மெழுகுவர்த்தி. உருகிய மெழுகு ஏன் வழிந்தோடாமல் கிண்ணம்போல் குழிந்த இடத்தில் தங்குகிறது? சுடரின் வெப்பத்தால் மேலெழும் காற்று விளிம்பைக் குளிர்விப்பதால். தங்கிய மெழுகு திரியில் எப்படி ஏறுகிறது? ஏறியபின் எரிவது திரவமா, ஆவியா?

இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் காட்டிய விடையை நீங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை இழையாக எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல், இரண்டு மூன்று அங்குலம் மேலே, அந்தப் புகையில் மட்டும் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே கீழே பாய்ந்து திரியைப் பற்றிக்கொள்ளும். நான் முதன்முறை செய்தபோது நம்ப முடியாமல் ஏழெட்டு முறை திரும்பத் திரும்பச் செய்தேன். எரிவது மெழுகின் ஆவி என்பதை அதற்குப் பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. திரி எண்ணெயை உறிஞ்சும் அகல்விளக்கை வீட்டில் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு, ‘நுண்புழை ஏற்றம்’ என்ற சொல்லைப் பிறகு சொன்னால் போதும். பொருள் கண்ணில் பட்டபின் வரும் கலைச்சொல் சுமையாக இருப்பதில்லை. முதலிலேயே வந்தால் அது மிரட்டுகிறது.

பாரடே எதையும் நீர்த்துப்போகச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சுடரிலிருந்தே நீரும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாவதைக் காட்டி, கடைசிச் சொற்பொழிவில், நம் மூச்சிலும் அதே வேதிவினைதான் நடக்கிறது என்பதுவரை அவர் சென்றார். எளிமை என்று நான் சொல்வது இதைத்தான்: எடுத்துக்கொள்ளும் பொருளைச் சுருக்கலாம், ஆனால் கடினமான படி ஒன்றையும் தாண்டிவிடக் கூடாது.

அவரே இப்படி உருவானவர் என்பது எனக்கு மிகவும் நெருக்கமான செய்தி. கொல்லரின் மகனான பாரடே, புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்தபோது, கட்ட வந்த புத்தகங்களைப் படித்தவர். அவற்றுள் ஒன்று, ஜேன் மார்செட் என்ற பெண்மணி, ஓர் ஆசிரியைக்கும் இரு மாணவிகளுக்கும் இடையிலான உரையாடலாக எழுதிய வேதியியல் நூல். அதில் சொல்லியிருந்தவற்றைத் தம்மால் இயன்ற சிறு சோதனைகளால் சரிபார்த்து, உண்மை என்று கண்டபின்பே அந்த நூலை நம்பியதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். பொதுமக்களுக்காக எழுதும் ஒவ்வொரு முறையும், சரிபார்க்கப்போகும் அந்தப் பையனை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

ஆகவே ஆப்பிளைக் கைவிடாதீர்கள். அடுத்த கேள்விக்குக் கொண்டுபோங்கள். ஆப்பிள் விழுகிறதென்றால், நிலா ஏன் விழவில்லை? உண்மையில் நிலாவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பூமியின் மையத்திலிருந்து ஆப்பிள் இருப்பது ஒரு பூமி ஆரத் தொலைவில், நிலா இருப்பது ஏறத்தாழ 60 ஆரத் தொலைவில். கிளையிலிருந்து விடுபட்ட ஆப்பிள் முதல் நொடியில் விழக்கூடிய தூரம் சுமார் 4.9 மீட்டர். நேர்கோட்டில் போயிருக்க வேண்டிய நிலா, ஒரு நொடியில் பூமியின் பக்கமாக விலகும் தூரம் 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுக்கச் சொல்லுங்கள். 3600-ஐ ஒட்டிய ஓர் எண் கிடைக்கும். 60-க்கும் அதற்கும் என்ன உறவு என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், சற்று நேரம் காத்திருங்கள்.